கார்ஹுலம்பி ஏரியும் பேருந்து ஓட்டிய ரைலியும்

ரைலி கோர்தெஸ்மாவின் பேருந்தில் ஏறியவர்கள் அந்த அம்மாவை எளிதில் மறக்க மாட்டார்கள். ஓடி வந்து கதவைத் தட்டினால் திறப்பார். திறந்த கையோடு, "வீட்ல கடிகாரம் இல்லையா?" என்று கேட்டும்விடுவார். தெரியாத ஆளோடு பேச்சுக் கொடுக்க வேண்டிவந்தால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்துவிடும் பின்லாந்துக்காரர்கள் நாங்கள். அந்த ஒரு கேள்வியே எங்களுக்கு ஒரு வாரத்துக்குப் போதும்.

மணமுறிவுக்குப் பிறகு எங்கள் கட்டடத்தில், எனக்கு நேர் கீழே குடிவந்தார். ஜன்னலைத் திறந்தால் கார்ஹுலம்பி ஏரி தெரியும். அதற்காகவே அந்த வீட்டை எடுத்தாராம். வேலைக்குக் கிளம்புமுன் நீந்துவார். பனிக்காலத்தில் துறைப்பக்கம் உறைபனியில் வெட்டிய குழிக்குள் இறங்கி ஏறுவார். தண்ணீரிலிருந்து வெளியே வரும்போது மட்டும் அவர் முகத்தில் சண்டை இருக்காது.

அந்த ஏரி எங்கள் கண்ணெதிரே கெட்டுப்போனது. ஜூலை வந்தால் தண்ணீர் பாசி பிடித்து, பட்டாணி சூப் போலப் பச்சையாகத் தடித்துவிடும். ஒரு கோடையில் மூன்றாம் மாடி ஹில்க்காவின் நாய் கரையோரம் தண்ணீரை நக்கிவிட்டு மறுநாளே செத்துப்போனது. நகராட்சி, பாசியில் விஷம் இருக்கிறது, நீந்தக் கூடாது என்று பலகை நட்டது. பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்து வருவதையே பலர் விட்டுவிட்டார்கள்.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் பள்ளிக்கூட உணவறையில் கூட்டம் போட்டார்கள். நகராட்சியில் ஏரிகளைக் கவனிக்கும் அதிகாரி சன்னா எதையும் மூடி மறைக்கவில்லை.

"சார்க்கி மீன் அளவுக்கு மீறிப் பெருகிக் கிடக்கு. பாசியத் தின்னுற பொடி உயிருங்கள எல்லாம் இதுங்க தின்னு தீர்த்துடுது, அடிச்சேத்தயும் கிளறி விடுது. வருஷா வருஷம் வசந்தத்துல வலை போட்டு அள்ளணும். வலையும் படகும் நாங்க தர்றோம். ஆள்தான் எங்ககிட்ட இல்ல."

"எத்தன வருஷம்?" என்றார் யாரோ.

"அஞ்சாறு வருஷமாவது ஆகும். அப்பவும் சரியாகும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். ரைலி கையைத் தூக்கினார்.

"எனக்கு மீனப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா சீக்கிரம் எந்திரிக்கத் தெரியும். வலைய எங்க வந்து வாங்கிக்கணும்?"

ஊர் கூடிக் கூலியில்லாமல் வேலை செய்து, முடித்ததும் ஒன்றாக உட்கார்ந்து சூப் குடிப்பதை நாங்கள் தால்கோத் என்போம். மின்தூக்கியில் ரைலி ஒரு தாளை ஒட்டினார்: "மே மாதம் ஏரியில் தால்கோத். கால் நனையும்." ஏழெட்டுப் பேர் வந்தோம். பனி உருகி அடங்கியிருந்த தண்ணீரில் விரல்கள் மரத்துப்போயின. வலையைத் தூக்கினால் கனத்தில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. சார்க்கியைத் தின்னும் பெரிய மீன் ஏதாவது சிக்கினால், "அது நம்ம கட்சி, விட்டுரு" என்று ரைலி படகிலிருந்து அதட்டுவார்.

ஒருநாள் எதிர்க்கரையில் ஓஸ்மோ விர்க்குலா வாத்துகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கட்டடத்தில் குடியிருப்பவர், எண்பதை நெருங்கியவர். ரைலி படகை நேரே அங்கே விட்டார்.

"நாங்க இந்தப் பக்கம் அள்ளுறோம், நீங்க அந்தப் பக்கம் கொட்டுறீங்க. இந்த ரொட்டியெல்லாம் பாசிக்குத்தான் உரம், தெரியுமா?"

ஓஸ்மோ ரொட்டிப் பையை மடித்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் பூங்காவில் அவரைப் பார்க்க முடியவில்லை. சில வாரம் கழித்து ஹில்க்காதான் சொன்னாள்: "பொண்டாட்டி தவறிப்போனதுலேர்ந்து அவருக்குப் பேச்சுத்துணையே அந்த வாத்துங்கதான், ரைலி."

அன்று மாலையே ரைலி அவர் வீட்டு மணியை அடித்தார். அங்கே நடந்ததை ஓஸ்மோ பின்னால் சிரிக்கச் சிரிக்க எங்களுக்குச் சொன்னார்.

"நான் கத்துனது தப்பு. ரொட்டி போடக் கூடாதுங்கிறது சரிதான்."

"இதச் சொல்லவா மாடி ஏறி வந்த?"

"இல்ல. சூப்பு வைக்க ஆள் வேணும். நான் வச்சா அடுத்த வருஷம் ஒருத்தரும் வர மாட்டாங்க."

ஓஸ்மோ கப்பல் சமையல்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சூப்போடு நிற்கவில்லை. பெரிய சார்க்கிகளை முள்ளோடு அரைத்து, வெங்காயமும் சதகுப்பையும் சேர்த்து, வெண்ணெயில் கட்லட் பொரித்தார். அடுத்த மே மாதம் கரை நிறைந்துவிட்டது. ஏரிக்காக வந்தவர் பாதி, கட்லட்டுக்காக வந்தவர் பாதி. "எதுக்கு வந்தா என்ன, கைய நீட்டு" என்று ரைலி எல்லார் கையிலும் ரப்பர் கையுறையைத் திணித்தார்.

நான்காம் கோடை கொளுத்தியது. பச்சை மறுபடி வந்து கரையில் நுரைத்தது. கட்டடத்தின் பொதுத் துணி துவைக்கும் அறையில் ஒருவர், "போதும், ரைலி. ஏரி செத்துப்போச்சு" என்றார்.

"அத ஜூலைல சொல்லாத. மே மாசம் வந்து வலையத் தூக்கிப் பாத்துட்டுச் சொல்லு."

அவர் வரவில்லை. பலரும் வரவில்லை. அடுத்த வசந்தத்தில் படகுக்கு ஆள் போதாமல் சன்னாவே விடுப்பு எடுத்துக்கொண்டு துடுப்புப் போட வந்தார். ஆனால் வலை முன்போல் கனக்கவில்லை. "பாத்தியா, கொறையுது" என்று ரைலி காலி வலையைத் தூக்கிக் காட்டினார். மீன் கிடைக்கவில்லை என்று ஒருவர் அவ்வளவு பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த கோடையில், துறையின் ஓரத்தில் தொங்கவிட்ட காலின் விரல்கள் தண்ணீருக்குள் தெரிந்தன. இன்னும் கொஞ்ச நாளில் அடியிலிருந்த கூழாங்கற்களும் தெரிந்தன. சன்னா சோதனைக்குத் தண்ணீர் எடுத்துப் போனார், திரும்பவும் எடுத்துப் போனார். தடை நீங்கிய செய்தி வந்தபோது ரைலி வேலையில் இருந்தார். நான் அதே பேருந்தில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஏரி கண்ணில் பட்டதும் ஒலிபெருக்கி கரகரத்தது.

"அடுத்த நிறுத்தம் கார்ஹுலம்பி. இன்னிலேர்ந்து நீந்தலாம்."

பின்னிருக்கையில் யாரோ மெல்லக் கைதட்ட, அது முன்னிருக்கை வரை வந்துவிட்டது. சந்தைக்குப் போக வேண்டிய பெரியவர் ஒருவர் இறங்கும் மணியை அழுத்தினார். படியில் நின்றபடி ரைலியிடம், "துண்டு எடுத்துட்டு வரல. பரவால்ல" என்றார். ரைலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எறங்குங்க, எறங்குங்க, எனக்கு நேரமாகுது" என்றார்.

நகராட்சி ரைலிக்குப் பதக்கம் தருவதாகச் சொன்னது. படகில் ஏறிய எல்லோரும் மேடையில் நிற்பதாக இருந்தால்தான் வருவேன் என்றார் ரைலி. அப்படியே நின்றோம்; மேடை கிறீச்சிட்டது. ரைலி இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஊரின் மறுகோடியிலிருந்து இன்னோர் ஏரிக்காரர்கள் போன வாரம் எங்கள் துறைக்கு வந்திருந்தார்கள்.

"எங்களால முடியுமா?" என்று அவர்களில் ஒரு பெண் கேட்டாள்.

"முடியுமான்னு தெரியாது. எத்தன பேர் வருவீங்க, அதச் சொல்லு" என்றார் ரைலி.

அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.