முப்பது நாளும் நூற்றிருபது

கம்பெனி மருத்துவ முகாமில் என் ரத்த அழுத்தம் நூற்றெழுபது என்று வந்தபோது, மிஷின் ரிப்பேர் என்றுதான் முதலில் சொன்னேன். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலையில் தரப் பரிசோதனை என் வேலை. அளவு தப்பினால் கருவியைக் குறை சொல்கிறவர்களை நான் சும்மா விட்டதில்லை.

கெலமங்கலம் பக்கத்திலுள்ள எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மனைவி இழுத்துப்போனாள். டாக்டரம்மா மாத்திரை எழுதினார். நர்ஸ் உப்பைப் பற்றிப் பேசினார். மருந்து கொடுப்பவர் வேளை சொன்னார். எங்கள் தெருவிலிருக்கும் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பார்ப்பாராம். ஓர் ஊறுகாய்ப் பிரியனுக்கு நாலு பேர் காவல்!

நாலு பேர் இருந்தால் நாலு பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்று தோன்றவே இல்லை. வீட்டில் மிஷின் வாங்கி வைத்து தினமும் அளந்து எழுத ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். ஒரு மாதத்துக்கான அளவையும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

நர்ஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் சார், முப்பது நாளும் நூத்திருபதுக்கு எம்பதேதானா? ஒரு நாள்கூடக் கோவம் வரலையா?"

"எனக்குக் கோவமே வராதுங்க."

பின்னால் நின்ற மனைவி சிரித்துவிட்டாள்.

"வீட்டுல பதினெட்டு மாத்திரை மிச்சம் இருக்குதுன்னு உங்க தெரு தன்னார்வலர் எழுதியிருக்காங்களே" என்றபடி நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றினார். நூற்றெழுபத்து நாலு.

அதே வாரம்தான், ஷிப்ட் முழுவதற்கும் அளவுகளை மொத்தமாக எழுதி வைத்த ஒருவருக்கு நான் மெமோ கொடுத்திருந்தேன். காது சுட்டது.

டாக்டரம்மா திட்டவில்லை. "மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"கால் வீங்குதுங்க. சேஃப்டி ஷூவுக்குள்ள கால் நுழைய மாட்டேங்குது."

"இத மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா வேற மாத்திரை குடுத்திருப்பேனே!"

அந்த ஒரு உண்மையைத்தான் நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மாத்திரையை மாற்றினார். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. மூன்றாம் மாதம் நூற்று முப்பத்திரண்டு.

அன்று வீட்டுக்கு வந்த தன்னார்வலர், "அக்கா, நீங்களும் கைய நீட்டுங்க" என்று மனைவியையும் அளந்தார். நூற்றறுபது.

"இந்த மனுசனோட குடித்தனம் நடத்துறதுதான் காரணம்னு எழுதிக்கோம்மா" என்றாள் மனைவி.

"அதுக்கு நோட்டுல எடம் இல்லீங்கக்கா" என்று அவர் வருத்தத்தோடு சொன்னார்.