பதினான்கு மில்லி

கர்த்தருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் சாந்தமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அந்த வாரம் முழுவதும் கோபமாக இருந்தேன். அவரிடமும் கோபமாகத்தான் பேசினேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

என் வீடு மர்பி டவுனில். அல்சூர் பக்கத்தில் பிளஸ் டூ அளவில் பாடம் நடத்தும் ஒரு பெண்கள் பியு கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக வேதியியல் லேப் அசிஸ்டென்ட். கரைசல்களைத் தயாரிப்பது என் வேலை. எதை எத்தனை கிராம் எடுத்தேன், எத்தனை லிட்டரில் கரைத்தேன் என்று அன்றன்றே டைரியில் எழுதிவிடுவேன்.

பிப்ரவரி, வியாழக்கிழமை. செய்முறைத் தேர்வு. முப்பத்திரண்டு பெண்கள். பத்து மில்லி ஆக்ஸாலிக் அமிலத்தில், பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிலைக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். வருடாவருடம் பெர்மாங்கனேட்டும் பத்து மில்லியில் நிற்கும். பழைய ரெக்கார்டு நோட்டுகளில் எல்லாம் அதுதான் இருக்கிறது. அது எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

அன்று இருபத்தொரு பேர் பத்து என்று எழுதினார்கள். பதினோரு பேர் பதினான்கு என்று எழுதினார்கள். துறைத் தலைவர் அந்தப் பதினோரு பேருக்கும் விடைக்கான மதிப்பெண்ணில் பூஜ்யம் போட்டார்.

அதில் ஒருத்தி பிரியா. எங்களுக்கு அடுத்த தெரு. சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டு, கழுவிய பிப்பெட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“மேம், மூணு தடவையும் பதினாலுதான் வந்துச்சு. பக்கத்துல இருந்தவ, பத்துன்னு போட்டுடுடி, நாங்க எல்லாம் அதான் போட்டோம்னா. வராததை எப்படி மேம் எழுதறது?”

தேர்வு நடந்தபோது நான் மேசை மேசையாகப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு பியூரெட்டும் பத்தில் நிற்கவில்லை. அதைத் துறைத் தலைவரிடம் சொன்னேன். அவர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“இருபத்தொரு பேருக்கு வந்தது இவங்களுக்கு மட்டும் ஏன் வரலை? கை சரியில்லை, அவ்ளோதான். சனிக்கிழமை மார்க் ஏத்தணும். நீங்க உங்க வேலையைப் பாருங்க மேடம்.”

வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டேன். முழங்காலிடவில்லை. அலமாரியைப் பார்த்து நின்றபடியே ஜெபித்தேன்.

“உண்மையை எழுதினவளுக்குப் பூஜ்யம், பொய் எழுதினவளுக்கு முழு மார்க். இதைப் பார்த்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறீர் ஆண்டவரே? யார் தப்புன்னு காட்டும். காட்டினா நான் விட மாட்டேன்.”

ஒப்புக்கொள்கிறேன், அப்போது என் மனதில் இருந்தது துறைத் தலைவரின் முகம்.

என் கரைசலில் தவறில்லை என்று நிரூபிக்க டைரியைத் திறந்தேன். புதன்கிழமைப் பக்கத்தில், என் கையெழுத்தில்: ‘ஆக்ஸாலிக் அமிலம் 12.6 கிராம், 2 லிட்டர். புதிய பாட்டில்.’ கணக்கு சரி. அந்தப் படிகத்தின் ஒரு மோல் 126 கிராம். அப்படியானால் 12.6 கிராம் 0.1 மோல். இரண்டு லிட்டரில் கரைத்தால் செறிவு 0.05.

ஆனால் ‘புதிய பாட்டில்’ என்ற சொல் என்னை விடவில்லை. நிமிர்ந்தேன். சற்று முன் நான் எந்த அலமாரியைப் பார்த்துக் கத்தினேனோ, அதிலேயே கண்ணுக்கு நேராக அது இருந்தது. இத்தனை வருடமும் நாங்கள் வாங்கியது, மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு நீர் சேர்ந்த படிகம். இந்த முறை வந்திருந்தது நீர் சேராதது. லேபிளில் தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். பெயரைப் பார்த்தேன், எடை போட்டேன், மிச்சத்தைப் படிக்கவில்லை.

நீர் சேராததில் ஒரு மோல் 90 கிராம்தான். 12.6 கிராம் என்றால் 0.14 மோல். செறிவு 0.05 அல்ல, 0.07. பத்து மில்லியில் நிற்க வேண்டியது பதினான்கில்தான் நிற்கும். துளி பிசகாமல் பதினான்கு.

கை சரியில்லாதவர்கள் என்று பேர் வாங்கிய பதினோரு பேரும் மிகச் சரியாகச் செய்திருந்தார்கள். தவறு செய்தவள் நான்.

எந்த ஜெபத்துக்கும் எனக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை. பாட்டிலை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளக் கை நீண்டது, அதையும் மறைக்கவில்லை. பிப்பெட்டைக் கழுவிக்கொண்டு நின்றவள் ஞாபகத்துக்கு வந்தாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போனேன்.

அவர் டைரியைப் பார்த்தார், லேபிளைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். “மூடி வைங்க மேடம். வெளிய தெரிஞ்சா மெமோ உங்களுக்குத்தான். இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கு, தேவையா?”

அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் என்னை இன்னும் எரித்தது. மூன்றரை மணிக்குப் பிரின்சிபால் அறையில் இருந்தேன். அவரை லேபுக்கு அழைத்து வந்து, அவர் கண் முன்னால் நானே செய்து காட்டினேன். பதினான்கு. பழைய பாட்டிலின் அடியில் மிச்சமிருந்த படிகத்தில் கொஞ்சம் கரைத்து மறுபடி செய்தேன். பத்து.

திங்கட்கிழமை முப்பத்திரண்டு பேருக்கும் மறுதேர்வு. செவ்வாய்க்கிழமை எனக்கு மெமோ. அதை டைரியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மறுதேர்வில் பிரியா என்னைக் கூப்பிட்டாள். “மேம், இன்னைக்குப் பத்துல நிக்குது. எழுதலாமா?”

“என்ன வந்துச்சோ அதை எழுதும்மா” என்றேன். அடுத்த மேசைக்குப் போனேன்.

இப்போதெல்லாம் லேபிளை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்த பிறகுதான் தராசைத் தொடுகிறேன். வராத பத்தை எழுதிய பிள்ளைகள்மேலும், அதை எழுதினால் போதும் என்று பழக்கிவிட்ட எங்கள்மேலும் இருக்கும் கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை.

கோபமாக இருக்கிறவர்களே, சாந்தமான பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடே போய்க் கேளுங்கள். அவர் காட்டுவார். காட்டுகிற விரல் உங்கள் பக்கமே திரும்பினால், எழுந்து நிற்கிற பலத்தையும் அவரே தருவார். நான் கேட்காமலே எனக்குத் தந்தார். மெமோவுக்கும் சேர்த்து அவருக்கு ஸ்தோத்திரம்.