எகேனோ குவித்த கல்

எகேனோ ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. துர்கானா ஏரிக்கரையில் ஆதிமனிதரின் எலும்பு தேடுவது அவன் வேலை. அவன் நடந்து தேய்த்துத்தான் அங்கிருந்த குன்றுகள் பாதியாயின என்பார்கள். கொஞ்சம் குறைத்து நம்பலாம்.

ஒரு நாள் ஓடைச் சரிவில் பல்லோடு ஒரு தாடை தலைகாட்டியது. குரங்கினுடையதும் அல்ல, நம்முடையதும் அல்ல. அடையாளத்துக்குப் பக்கத்தில் நாலு கல்லைக் குவித்துவிட்டு முகாமுக்கு ஓடினான்.

மறுநாள் ஆட்களோடு வந்தபோது மேகம் கறுத்திருந்தது. ஒரு மழை பெய்தால் தாடை ஓடையோடு போய்விடும். ஆனால் நாலு கல் முழங்கால் உயரமாகித் தாடையையே மூடியிருந்தது. கல் குவிந்திருந்தால் அது கல்லறை என்று வழிப்போக்கர் மரியாதைக்கு ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். ஆடு மேய்க்கும் அருபே கோலோடு குறுக்கே நின்றாள்.

"கல்லறையத் தோண்ட வந்தியா? வெக்கமா இல்ல?"

"அக்கா, அந்தக் கல்லே நான் வச்சதுக்கா! மழ வருது, வழிய விடு."

"நீ வச்சியா? உள்ள யாரு, உன் மாமனாரா?"

இடி முழங்கியது. யாருமில்லை என்று சொல்லிவிடலாம்; எகேனோவுக்கு வாய் வரவில்லை.

"நம்ம எல்லாருக்கும் பாட்டன்க்கா. முழுசா மனுசனா ஆவுறதுக்கு முந்தியே செத்துட்டாரு."

அருபே கற்களை விலக்கிக் குனிந்து பார்த்தாள்.

"பல்லு உங்க வீட்டுப் பல்லுதான். பாட்டன சும்மாவா தூக்குவ? பொகையில வச்சுக் கேளு."

இடுப்பிலிருந்த புகையிலை அத்தனையையும் வைத்தான். முதல் துளி விழுந்தது.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? நனையறாரு, தூக்கு!" என்றாள் அருபே.