பூச்சிக்கடி

இலுப்பூர்ப் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. கதவில் 'ஞாயிறு விடுமுறை' என்று எழுதி, அதற்குக் கீழேயே 'அவசரத்துக்கு' என்று என் செல்போன் நம்பரையும் எழுதி வைத்தவள் நான்தான். சுற்றியுள்ள ஊர்களில் ஐந்து மணிக்கு மேல் வேறு டாக்டர் இல்லை. ஏப்பம் வரவில்லை என்று கூப்பிடுவார்கள். எட்டு நாளாக இருக்கும் சேற்றுப்புண்ணுக்கு ஞாயிறு சாயங்காலம் பார்த்துக் கூப்பிடுவார்கள். நான் சுள்ளென்று விழுவேன், பிறகு மருந்தும் சொல்வேன். "டாக்டரம்மா திட்டுனாத்தான் பாதி நோவு போகுது" என்று கேலி பேசுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த ஞாயிறு விளக்கு வைக்கிற நேரம். மறுநாளுக்குப் புடவை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நிலக்கடலை பயிரிடுகிற ஒரு விவசாயி கூப்பிட்டார். அவர் குடும்பத்துக்கே நான்தான் வைத்தியம். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வந்தால் என்னிடம்தான் வருவார்கள்.

"டாக்டரம்மா, வீட்டுக்காரியை வெறகு அள்ளுறப்ப பூச்சி கடிச்சிருச்சுங்க."

"வீக்கம் இருக்கா? வலிக்குதா?"

"வலி பெருசா இல்லைங்கிறா. ஊசி குத்துன மாதிரி இருக்குதாம். பைக்கை எடுத்து வச்சிருக்கேன். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரட்டுங்களா?"

நான் சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன். "பூச்சிக்கடிக்கெல்லாம் பெரியாஸ்பத்திரியா? பைக்கை உள்ள விடுங்க. பிள்ளைக்கு அரிப்புக்குக் கொடுத்த மாத்திரை மிச்சம் இருக்கும்ல, ஒண்ணு கொடுங்க. தூக்கம் வரும், தூங்கட்டும்."

"சரிங்க" என்றார். டாக்டரே சொன்ன பிறகு அவர் வேறென்ன சொல்வார்?

ஒரு மணி நேரம் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். "நீங்க சொன்ன மாதிரியே தூக்கமா வருதுங்கிறா. ஆனா கண்ணைத் தொறன்னா தொறக்க முடியலைங்கிறா. பேச்சும் கொழறுது."

நான் கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டேன்.

"என்ன பூச்சிங்க அது?"

அவர் குரலைத் தாழ்த்தி, "அதாங்க... நீளமானது. வெளக்கு வச்சுட்டோம், பேரைச் சொல்லக் கூடாதுல்ல" என்றார்.

நான் வேற்றூர்க்காரியாக இருந்தால் மனதை எப்படியாவது தேற்றிக்கொள்வேன். நான் பிறந்தது புதுக்கோட்டை டவுனில். இருட்டிய பிறகு நான் கொல்லைப்பக்கம் போனால் என் அம்மா, "பூச்சி பொட்டு கெடக்கும், பாத்துப் போ" என்பாள். அவள் எறும்பைச் சொல்லவில்லை என்று எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். எத்தனையோ வருடம் புத்தகம் படித்து அந்த ஒரு சொல்லைத் தொலைத்திருக்கிறேன்.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு காரை எடுத்தேன். ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் என்றார்கள். நான் போனபோது அவர் மனைவியின் உதடு நீலமாகியிருந்தது, மூச்சு விட்டு விட்டு இழுத்தது. கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது, வீங்காது, இமைதான் முதலில் விழும். மருத்துவம் படிக்கிற மாணவர்களைக் கேட்டால்கூடச் சொல்வார்கள். அவளைப் பின் சீட்டில் கிடத்தினோம். மூச்சுக் கொடுக்கும் பையை முகத்தில் வைத்து எப்படி அழுத்துவது என்று அவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

"அழுத்துங்க... விடுங்க. அழுத்துங்க... விடுங்க." வழி முழுக்க நான் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். கடலைக்கொடி பிடுங்கிக் காய்த்துப்போன கை, அவர் ஒரு தடவைகூடத் தப்பு செய்யவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர் நாடி பார்த்துவிட்டுக் கையை எடுத்த பிறகும் அழுத்திக்கொண்டுதான் இருந்தார். நான்தான் பையைப் பிடுங்க வேண்டியிருந்தது.

காரியம் முடிந்து ஒரு வாரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். சண்டைக்கு வந்திருப்பார் என்று நினைத்தேன், அப்படி வந்திருக்கக்கூடாதா என்றும் இருந்தது. "நாந்தான் ஒங்ககிட்ட வெளங்கச் சொல்லலை" என்றார். என் பேச்சைக் கேட்டு பைக்கை உள்ளே விட்ட மனிதர். நான் சின்னவளின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அது என் கோழைத்தனம், வேறு பெயர் அதற்கு இல்லை.

இப்போது யார் பூச்சி என்றாலும் "காலுள்ள பூச்சியா, இல்லாததா?" என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை.

போன ஐப்பசி மழையில், அதேபோல விளக்கு வைத்த நேரத்தில், அவரிடமிருந்து போன் வந்தது.

"பாம்பு, டாக்டரம்மா. பாம்பு கடிச்சிருச்சு, பக்கத்து வீட்டுக்காரரை. வண்டியில ஏத்திட்டோம், பெரியாஸ்பத்திரிக்குத்தான் போறோம். ஒங்க காதுல போட்டு வைப்போம்னு கூப்பிட்டேன்."

"சரியாச் செஞ்சீங்க" என்றேன்.

"அன்னைக்கும் இப்படி வாயைத் தொறந்து சொல்லியிருந்தா அவ பொழைச்சிருப்பால்ல?"

நீங்கள் பைக்கை எடுத்துத்தான் வைத்திருந்தீர்கள், நிறுத்தியது நான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மழையா இருக்கு, பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னேன்.