கிருத்திகை இல்லாத விரதம்

1970களில் திருத்தணியில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மாதமே கிருத்திகை விரதம் தொடங்கினேன். பிறகு சஷ்டி, செவ்வாய், வெள்ளி என்று கூட்டிக்கொண்டே போனேன். உடம்பு இளைத்தது, மாதவிலக்கு நின்றது. வீட்டில் எல்லோரும் என் பக்தியை மெச்சினார்கள். சாப்பிட்டால் விரதத்தை மீறியவள் ஆவேன். சோற்றைக் கண்டாலே பயமாகவும் இருந்தது. வெளியே வர வழி தெரியவில்லை.

ஒரு நாள் துவைக்கும் கல்லருகே மயங்கி விழுந்தேன். அண்ணி தூக்கி உட்காரவைத்து, "இன்னிக்கு இன்னாடி விரதம்?" என்றார்.

"கிருத்திகை அண்ணி."

"அது முந்தாநேத்தே போயிடுச்சு. சாமிக்காகவா பட்டினி கெடக்கிற, பாத்துட்டுப் போனாங்களே, அவங்களுக்காகவா?"

வீட்டுக்கே பஞ்சாங்கம் பார்த்துச் சொல்பவள் நான். நாள் தவறியது அன்றுதான் முதல் முறை. அழுதேன். அதன்பின் ஒவ்வொரு வேளையும் அண்ணி தன் தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் தேறப் பல மாதங்களாயின.

அது ஒரு நோய் என்று பிற்பாடு ஒரு கட்டுரையில் படித்தேன். என் மகளின் உடம்பைப் பற்றி யாரையும் பேசவிடுவதில்லை. அவள் விரதம் என்றால் முதலில் காலண்டரைப் பார்க்கிறேன். பிறகு அவள் முகத்தைப் பார்க்கிறேன்.