என் கையால் இறக்கிய மோட்டார்

கணபதிப் பகுதியில் இருக்கும் எங்கள் பட்டறையில், ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறக்கும் போர் மோட்டார் செய்கிறோம். செய்கிறோம் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். பெரிய கம்பெனி மோட்டார் ஒன்றை வாங்கிக் கழற்றி, அளவெடுத்து, அதே மாதிரி ஒன்றைச் செய்து, வேறு பெயர் ஒட்டி, பாதி விலைக்கு விற்கிறோம். இதில் எனக்கு வெட்கம் இருந்ததே இல்லை. கம்பெனிக்கு வார்ப்பு ஊற்றும் அதே பவுண்டரிதான் எனக்கும் ஊற்றுகிறது. "பேருக்குத்தானுங்க அவங்க காசு வாங்கறாங்க, இரும்பெல்லாம் ஒண்ணுதானுங்க" என்று வருகிறவர்களிடம் சொல்வேன். நம்பித்தான் சொன்னேன்.

அக்காவைக் காங்கேயம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மச்சானுக்கு மூன்று ஏக்கர் தென்னை. அதை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. ஒரு தை மாதம் அவர்களுடைய பழைய மோட்டார் நின்றுவிட்டது என்று அக்கா போன் செய்தாள். நான் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே டெம்போவில் என் மோட்டாரை ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். பட்டறை வைத்திருக்கும் மச்சினன் இருக்கும்போது மச்சான் வேறு கடைக்குப் போய் மோட்டார் வாங்குவதா? எங்கள் பக்கம் அப்படி வாங்கினால் இரண்டு வீட்டுக்கும் சண்டை என்றுதான் ஊர் நினைக்கும்.

மச்சான் மோட்டாரைப் பார்த்துவிட்டு, மாடு கட்டும் கட்டுத்தறிப் பக்கம் போய் வந்தார். பிறகு, "எறக்கு மாப்ள" என்றார். என் கையாலேயே போருக்குள் இறக்கினேன். தண்ணீர் குழாயை நிறைத்துக்கொண்டு வந்தபோது, கம்பெனிக்காரன் வந்து பார்க்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். அக்கா சிரித்தாள்.

சித்திரையில் மோட்டாரின் காயில், உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுற்று, எரிந்தது. கிரேன் வண்டி வைத்து மேலே எடுத்து, பட்டறைக்குக் கொண்டுவந்து, புதுக் காயில் கட்டி, பத்து நாள் கழித்து இறக்கினோம். ஒரு பைசா வாங்கவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. எந்தக் கம்பெனிக்காரன் இப்படிச் செய்வான்? அடுத்த சித்திரையிலும் எரிந்தது. அப்போதும் இலவசம், அப்போதும் பத்து நாள். அந்த வெயிலில் பத்து நாள் தண்ணீர் இல்லாத தென்னை எப்படி இருக்கும் என்பதை நான் போய்ப் பார்க்கவில்லை. குரும்பைகள் உதிர்கின்றன என்று அக்கா போனில் சொன்னபோதுகூட, வெயிலுக்கு எல்லாத் தோப்பிலும் உதிரும் என்று சமாதானம் சொன்னேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. என் பட்டறையில் கரண்ட் சீராக வரும். அங்கே வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக ஓடுகிறது என்று எழுதிக் கொடுப்போம். தோட்டங்காட்டில் அப்படி இல்லை. மும்முனைக் கரண்ட் வந்ததும் சுற்றுவட்டாரத்து மோட்டார் எல்லாம் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பிக்கும், வோல்டேஜ் படுத்துவிடும். படுத்த வோல்டேஜில் இழுத்து இழுத்துக் காயில் சூடாகிவிடும். கம்பெனிக்காரன் காட்டுக்குப் போய், வோல்டேஜ் பார்த்து, அதற்குத் தகுந்தபடி காயிலைச் சுற்றுகிறான். அவனுடைய அதிக விலையில் பாதி அந்த அலைச்சலுக்குத்தான். நான் அவனுடைய இரும்பை அளந்தேன். அவன் அலைந்ததை அளக்க என்னிடம் டேப் இல்லை.

மூன்றாவது சித்திரையிலும் எரிந்து, மோட்டாரை மேலே எடுக்கும்போது, கழற்றிக் கழற்றி மாட்டியதில் மரை தேய்ந்துபோயிருந்த குழாய் நடுவில் விட்டுவிட்டது. எண்ணூறு அடி போருக்குள் மோட்டார் விழுந்து சிக்கிக்கொண்டது. இரண்டு நாள் கொக்கி போட்டுப் பார்த்தோம். வரவில்லை. பக்கத்திலேயே புதுப் போர் போட்டார்கள், தண்ணீர் இல்லை, புழுதிப் புகைதான் வந்தது. மரங்களின் மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. அந்தக் கிரேன்காரனைத்தான் நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் பாதித் தோப்பை வெட்டினார்கள். அன்றைக்குப் போயிருந்தேன். மரம் அறுக்கும் சத்தம் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா சோறு போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"உன்ற மச்சான் கம்பெனி மோட்டாருக்குச் சொல்லி வெச்சிருந்தாரு கண்ணு. நீ டெம்போவுல வந்து எறங்குன பாரு, அன்னிக்குத்தான் அவங்க கொண்டாரதா இருந்துச்சு. கட்டுத்தறிக்குப் பொறத்தால போயி நின்னு, வேண்டாம்னு போன் பண்ணிப்போட்டு வந்தாரு."

பாதிச் சோற்றில் எழுந்தேன். கையைக் கழுவிக்கொண்டு தோப்புக்குப் போனேன். மச்சான் அறுத்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க மச்சான், எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே?"

"அத்தனை ஆசையாக் கொண்டாந்த. வேண்டாம்னு எப்படி மாப்ள சொல்றது?"

"மொத தடவை எரிஞ்சப்பவாவது மாத்தியிருக்கலாமுங்க."

"மாத்துனா ஊருல கேப்பாங்கல்ல, மச்சினன் மோட்டாரு என்னாச்சுன்னு. உன்ற யாவாரம் என்னாகறது?"

எனக்கு அழுகை வந்தது. என்னைத் திட்டுங்கள் என்று கேட்க நினைத்தேன். கம்பெனி மோட்டார் எரிந்திருந்தால் கடை வாசலில் நின்று கத்தியிருப்பார், புது மோட்டார் கேட்டு வாங்கியிருப்பார். கூடக் கொடுக்கும் விலைக்கு அந்த உரிமையும் சேர்ந்தே வருகிறது. என்னிடம் அவருக்கு அது இல்லாமல் போயிற்று. சும்மா கொடுத்து, சும்மா காயில் கட்டி, அவர் வாயை நான் அடைத்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் வேறொன்று உறைத்தது. மூன்றாவது சித்திரைக்கும் அந்த ஆடிக்கும் நடுவில் அதே ஊரிலிருந்து ஆறு பேர் என்னிடம் மோட்டார் வாங்கியிருந்தார்கள். எல்லோரும் மச்சானிடம் விசாரித்துவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னார்கள். மோட்டார் நன்றாகத்தான் ஓடியது, குழாய் விட்டதுதான் தப்பு என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த ஆறும் இப்போது போருக்குள் இருக்கின்றன, ஆறிலும் அதே காயில்தான். மாற்றித் தருகிறேன் என்று நான் போய் நின்றால், அவர் சொன்னது பொய் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். போகாவிட்டால் சித்திரை வந்துவிடும்.

இதை எழுதும்போது மாசி பாதி முடிந்துவிட்டது. நான் இன்னும் போகவில்லை.