சுத்தமான தூசி

திருத்தணி நெசவாளர் தெருவில் கன்னியம்மாள் வீட்டுத் தரையில் சோற்றைக் கொட்டியே சாப்பிடலாம் என்பார்கள். யாரும் சாப்பிட்டதில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டாலே அவளுக்கு வயிறு நிறைந்துவிடும். விடிந்ததும் பெருக்குவாள், அடுப்பு மூட்டுமுன் பெருக்குவாள், புருஷன் வீராசாமி தறியை விட்டு எழுந்தால் அவன் பின்னாலேயே பெருக்குவாள். நூல் பிசிறு பறக்கிற வீட்டில் இப்படியொரு வைராக்கியம்! பெருக்கி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இழுப்பு வந்துவிடும். மூச்சு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.

இழுப்பு நின்றால் படியேறி வருகிறேன் என்று மலைமேல் இருக்கிற முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே பூக்காவடி தூக்கி ஏறும்போது, அவள் முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவாள். மேலே போக பஸ் இருந்தது.

"படியேறி வரேன்னு சொல்லிட்டு பஸ்ஸுல போயி நிக்கறதா? அவுரு மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?" என்பாள். சொல்லும்போதே கண் கலங்கிவிடும்.

எழுபதுகளின் நடுவில் சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சிக்கு வந்தார். இழுப்புக்காரர்களின் வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஆளுக்கொரு கண்ணாடிப் புட்டியைக் கொடுத்து, "உங்க வீட்டுத் தூசியை இதுல போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார்.

கன்னியம்மாளுக்கு மானமே போயிற்று. எங்கள் வீட்டில் தூசியா? அதில் பூச்சி வேறா? ஆனாலும் மலை கண்முன் நின்றது. தறிக்குழியிலும் கட்டிலடியிலும் கிடைத்ததை வழித்தெடுத்தாள். அதை அப்படியே அனுப்ப மனசு வரவில்லை. முறத்தில் போட்டுப் புடைத்தாள். முடியையும் நூலையும் பொறுக்கி எறிந்தாள். மெல்லிய துணியில் சலித்து, வாசனைக்கு ஒரு கற்பூரமும் போட்டாள்.

"இன்னாக்கா, தூசியப் போயி புடைச்சிகினு கீற?" என்றாள் பக்கத்து வீட்டுத் தமயந்தி.

"ஆங், மெட்ராசுல நாலு பேரு பாக்கற பொருளு. அப்படியேவா குடுத்தனுப்புவாங்க?"

அன்று முழுக்க இழுத்துக்கொண்டே கிடந்தாள்.

டாக்டரம்மா புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "என்னம்மா இது?"

"சுத்தமான தூசிங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்கவே நேரம் சரியாக இருந்தது. பிறகு, "ஒரு வாரம் வீட்டைப் பெருக்கக் கூடாது. சேர்றதை அப்படியே கொண்டு வாங்க" என்றார்.

அந்த வாரத்தை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. துடைப்பம் பரணுக்குப் போயிற்று. கன்னியம்மாள் கதவைச் சாத்திவிட்டு, மூலையைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தமயந்தி வந்தால் வாசலிலேயே மறித்து, "உள்ள பாவா தூங்கறாரு" என்பாள். பாவா என்று அவள் கூப்பிடுகிற வீராசாமியின் தறிச் சத்தமோ தெருக்கோடி வரை கேட்டுக்கொண்டிருந்தது.

வாரக் கடைசியில் வீராசாமி தறியை நிறுத்தினான். "கன்னி, நீ இழுக்கவே இல்லியே?"

அவள் தன் மூச்சைத் தானே காதுகொடுத்துக் கேட்டாள். வெட்கத்தில் இதைக் கவனிக்கவே இல்லை.

"தரையில கிடக்கிறதைத் துடைப்பத்தால கிளப்பி நீங்களே மூக்குக்குள்ள போட்டுக்கிறீங்க" என்றார் டாக்டரம்மா, அவள் கொண்டுபோன புட்டியை வாங்கிக்கொண்டு. "பாய் தலகாணியை வெயில்ல போடுங்க. வேற யாராவது பெருக்கட்டும். அப்ப நீங்க வெளியே இருக்கணும்."

வேறு யார்? வீட்டில் மிச்சம் வீராசாமி ஒருவன்தான். ஆம்பளை துடைப்பத்தைத் தொட்டால் தெரு சும்மா விடுமா? அவன் தயங்கினான். அவளுக்குப் பொறுக்கவில்லை. பரணிலிருந்து துடைப்பத்தை எடுத்தாள், பெருக்கினாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை வீராசாமி தலைக்குக் குளித்தான். நெற்றி நிறைய விபூதி பூசினான். அவளை வெளியே உட்காரவைத்து, கதவை விரியத் திறந்துபோட்டுப் பெருக்க ஆரம்பித்தான்.

தமயந்தி ஓடி வந்தாள். "இன்னாண்ணா இது, நீ பெருக்கற?"

"முருகனுக்கு வேண்டிக்கினேம்மா. என் கையால பெருக்கறேன்னு."

தமயந்தி அந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவள் தன் புருஷனிடம், "உனக்கு வேண்டுதலே கெடையாதா?" என்று கத்தியது தெருவுக்கே கேட்டது. கொஞ்ச நாளில் அந்தத் தெரு ஆம்பளைகளின் பக்தி வீட்டுக்கு வீடு பெருகிவிட்டது.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்குக் கன்னியம்மாள் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். மேலே போய்ச் சாமியைப் பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதாள். வெளியே வந்தால், காவடியில் உதிர்ந்த பூ தரையெல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. தூண் ஓரத்தில் ஒரு துடைப்பம். அவள் கை தானாகப் போயிற்று.

வீராசாமி அதற்குள் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"நெசமாவே வேண்டிக்கினியா பாவா?"

"எங்க வேண்டிக்கினேன்? தமயந்தி வாய அடைக்க ஒரு பொய் சொன்னேன். இவுரு காதுல வுழுந்துடுச்சி போலக்கீது" என்று சந்நிதிப் பக்கம் தலையை ஆட்டிவிட்டு, அவன் குனிந்து பெருக்க ஆரம்பித்தான்.